நம் வெக்கையில் சொக்லேட் கறுவாச் சுருள் பணிஸ்: மா அடங்கவில்லை, உள்ளீடு ஒழுகுகிறது, என்ன செய்யலாம்?

கல்லடி வாசி கேட்டது:

வணக்கம். நான் மட்டக்களப்பு கல்லடியில் வசிக்கிறேன். கேக்கும் பிஸ்கற்றும் பல ஆண்டுகளாக வீட்டில் செய்து வருகிறேன். ஆனால் ஈஸ்ட் போட்டுப் பொங்க வைக்கும் மா எனக்குப் புதிது. வருகிற சனிக்கிழமை மகளுக்குப் பிறந்தநாள். இந்த முறை கேக் வேண்டாம், சொக்லேட் வைத்த கறுவாச் சுருள் பணிஸ்தான் வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். அதற்காக இரண்டு தடவை செய்து பார்த்தேன், இரண்டு தடவையும் பிழைத்துவிட்டது.

நான் பின்பற்றிய அளவு இது: கோதுமை மா 500 கிராம், வெதுவெதுப்பான பால் 250 மில்லிலீற்றர், பட்டர் 80 கிராம், சீனி 75 கிராம், முட்டை ஒன்று, உப்பு ஒரு தேக்கரண்டி, உடனடி ஈஸ்ட் 7 கிராம் கொண்ட ஒரு பைக்கற். உள்ளே பூசுவதற்கு 150 கிராம் சொக்லேட்டை 75 கிராம் பட்டருடன் உருக்கி, அதில் ஒரு தேக்கரண்டி கறுவாத்தூள் கலந்தேன். முதல் பொங்கல் ஒன்றரை மணி நேரம், சுருட்டிய பின் இரண்டாம் பொங்கல் முக்கால் மணி நேரம், பிறகு 180 பாகை செல்சியஸில் 25 நிமிடம் என்று செய்முறையில் இருந்தது. அது வெளிநாட்டு முறை ஒன்றின் தமிழாக்கம்.

நடந்தது வேறு. 40 நிமிடத்திலேயே மா இரண்டு மடங்காகிவிட்டது. செய்முறை சொன்ன நேரத்தை நம்பி ஒன்றரை மணி நேரமும் காத்திருந்தேன். மூடியைத் திறந்தபோது கள்ளு வாடை அடித்தது, மா கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. சுருட்டும்போது உருகிய சொக்லேட் இரண்டு பக்கத்தாலும் வழிந்து மேசையெல்லாம் ஆகிவிட்டது. வெந்த பின் பார்த்தால், தட்டின் அடியில் சொக்லேட் கருகி ஒட்டியிருக்க, சுருளின் நடுப்பகுதி மாவாகவே இருந்தது, வளையங்களுக்கிடையில் விரல் போகும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. கறுவா போட்டேன் என்று நானே சொன்னால்தான் தெரியும், அந்த அளவுக்கு அதன் வாசம் சொக்லேட்டுக்குள் மறைந்துபோனது. மிஞ்சியவை மறுநாள் கல்லாகிவிட்டன.

இரண்டாம் தடவை சொக்லேட்டைக் குறைத்துப் பார்த்தேன். ஒழுகல் கொஞ்சம் குறைந்தது, மற்றவை அப்படியே இருந்தன. அனுபவம் உள்ளவர்கள் எங்கே பிழை என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


ஏறாவூர் போறணை எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் ஏறாவூர்ப் பக்கத்தில் ஒரு வெதுப்பகத்தில் 27 வருடம் மா குழைத்தவன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். உங்கள் அளவுகளில் பெரிய குறையில்லை. பிழை "வெதுவெதுப்பான பால்" என்ற சொல்லில் தொடங்குகிறது.

அந்தச் செய்முறையை எழுதியவரின் சமையலறை 20, 21 பாகையில் இருந்திருக்கும். அங்கே பாலைச் சூடாக்காவிட்டால் மா எழும்பாது. நம் வீட்டில் மா 30 பாகையில் இருக்கிறது, காற்று 31 பாகையில் இருக்கிறது, குழைக்கும் கையும் சூடுதான். அதற்கு மேல் சூடான பாலையும் ஊற்றினால், குழைத்து முடிக்கும்போதே மா 33, 34 பாகைக்குப் போய்விடும். எட்டுப் பத்துப் பாகை கூடினால் ஈஸ்ட்டின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆகவே ஒன்றரை மணி நேரம் என்று எழுதியிருப்பது உங்கள் வீட்டில் 40 நிமிடம் ஆனதில் வியப்பில்லை. அதற்குப் பிறகும் காத்திருந்த 50 நிமிடத்தில் மா புளித்து, தன் இழுவையை இழந்துவிட்டது. இழுவை போன மா ஒட்டும், சுருள் பிடிக்காது, போறணைக்குள் எழும்பி உடனே அமுங்கிவிடும். வளையங்களுக்கிடையே விழுந்த இடைவெளிக்கு ஒரு காரணம் அதுதான்.

வெதுப்பகத்தில் நாங்கள் ஒரு கணக்குப் போடுவோம். குழைத்து முடித்த மா 25 பாகையில் இருக்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மா, அறை, பால் என மூன்றின் சூடும் சேர்வதால் 25ஐ மூன்றால் பெருக்கினால் 75. அதிலிருந்து காய்ந்த மாவின் சூடு 30, அறையின் சூடு 31, கையால் குழைப்பதால் ஏறும் சூடு ஒரு 3, எல்லாமாக 64ஐக் கழித்தால் மிச்சம் 11. அப்படியானால் பால் 11 பாகையில் இருக்கவேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாலைப் பத்து நிமிடம் வெளியே வைத்தால் ஏறத்தாழ அந்த நிலைக்கு வந்துவிடும். இயந்திரத்தில் குழைத்தால் சூடு இன்னும் ஏறும் என்பதால் வெதுப்பகங்களில் தண்ணீரோடு ஐஸ் போட்டுக் குழைப்பார்கள். ஈஸ்ட்டை நேரே குளிர்ந்த பாலில் போடவேண்டாம், அது அதற்குக் கேடு. உடனடி ஈஸ்ட் என்றபடியால் காய்ந்த மாவோடு கலந்துவிட்டுப் பிறகு பாலை ஊற்றுங்கள்.

ஈஸ்ட்டையும் குறைக்கவேண்டும். 500 கிராம் மாவுக்கு நம் பக்கத்தில் 4 கிராம், அதாவது தலைதட்டிய ஒன்றேகால் தேக்கரண்டி, போதுமானது. உப்பு 8 கிராமுக்குக் குறையவேண்டாம். உப்பு சுவைக்கு மட்டும் போடுவதில்லை, ஈஸ்ட்டின் ஓட்டத்தையும் அதுதான் பிடித்து வைக்கிறது. 20 மில்லிலீற்றர் பாலை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு, மா கேட்டால் மட்டும் ஊற்றுங்கள், ஏனென்றால் மாரி மாதங்களில் மா தானாகவே ஈரத்தை வாங்கியிருக்கும். பட்டரை முதலிலேயே போடாமல், மா ஓரளவு இழுவைக்கு வந்த பிறகு சிறிது சிறிதாகச் சேருங்கள். ஒரு துண்டைப் பிய்த்து இரண்டு கை விரல்களாலும் மெல்ல விரித்தால் கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக வரவேண்டும், அதுவரை குழைக்கவேண்டும். கையால் என்றால் 15 நிமிடம் ஆகலாம்.

பொங்கியதா என்று பார்க்க மணிக்கூட்டைப் பார்க்கவேண்டாம். விரலில் மா தொட்டு அரை அங்குலம் அழுத்துங்கள். குழி உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாகப் பாதி மூடினால் சரி. அப்படியே குழியாக நின்றால் பிந்திவிட்டீர்கள். "வெதுவெதுப்பான இடத்தில் வைக்கவும்" என்று எழுதியிருப்பதையும் மறந்துவிடுங்கள், மட்டக்களப்பில் வீட்டின் எந்த மூலையும் அப்படித்தான் இருக்கிறது.

இதைவிட நல்ல வழி, முதல் பொங்கலைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் இரவு முழுக்க விடுவது. ஆனால் உருண்டையாக வைக்கக்கூடாது. உருண்டையின் நடுப்பகுதி குளிர இரண்டு மூன்று மணி நேரம் எடுக்கும், அதற்குள் உள்ளே புளித்துவிடும். எண்ணெய் பூசிய தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தட்டையாகப் பரத்தி, இறுக மூடி வையுங்கள். காலையில் எடுக்கும்போது மா விறைப்பாக இருக்கும், விரிப்பதும் சுருட்டுவதும் வெட்டுவதும் அப்போதுதான் சுகம். பட்டர் 32 பாகையைத் தாண்டினால் உருகத் தொடங்கும். ஆகவே நம் வீட்டுச் சூட்டில் நேரே விரித்த மாவுக்குள் எந்த உள்ளீட்டைப் பூசினாலும் அது இளகத்தான் செய்யும்.

உள்ளீடு பற்றி நான் அதிகம் பேசமாட்டேன். நாங்கள் போட்டதெல்லாம் சீனியும் தேங்காயும் ஜாமும்தான். சொக்லேட் வைத்துப் பழகியவர்கள் வந்து சொல்லட்டும்.


அக்கரைப்பற்று அடுக்களை எழுதியது:

சகோதரிக்கு ஸலாம். நான் அக்கரைப்பற்றிலிருந்து வீட்டில் செய்து ஓடருக்குக் கொடுப்பவள். இந்தப் பணிஸை மாதத்தில் நான்கு ஐந்து தடவையாவது செய்கிறேன். ஏறாவூர் நானா சொன்ன குளிர்ந்த பால் விடயம் முழுக்க உண்மை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நோன்பு மாதம் முழுக்கப் பிடித்தது.

உருக்கிய சொக்லேட்டைப் பூசுவதை முதலில் விட்டுவிடுங்கள். நம் கடைகளில் கட்டியாகக் கிடைப்பதில் பெரும்பகுதி கொம்பவுண்ட் சொக்லேட். அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கும். நல்ல சொக்லேட்டில் இருக்கும் கொக்கோ வெண்ணெயும் 34 பாகையை அண்டி உருகிவிடும். எதுவானாலும் போறணைச் சூட்டில் அது எண்ணெய் போல ஓடும், ஓடி அடியில் சேர்ந்து கருகும். அதைக் கட்டிப் பிடிக்க ஒரு பொருள் வேண்டும். கொக்கோத் தூள் அந்த வேலையைச் செய்கிறது, ஏனென்றால் அது ஈரத்தையும் கொழுப்பையும் உறிஞ்சிக்கொள்ளும்.

என் உள்ளீடு இது. உருகாத, ஆனால் விரல் வைத்தால் பதியும் பட்டர் 90 கிராம், சிவப்புச் சீனி 120 கிராம், கொக்கோத் தூள் 25 கிராம், கறுவாத்தூள் இரண்டு மேசைக்கரண்டி, சோள மா ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. எல்லாவற்றையும் கரண்டியால் அடித்துப் பசையாக்கவேண்டும். சீனி மாவிலுள்ள ஈரத்தை இழுத்துப் பாகாக மாறும். அந்தப் பாகைச் சோள மா பிடித்து வைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் அடியில் வழிந்துவிடும். கடிக்கும்போது சொக்லேட் தட்டுப்படவேண்டும் என்றால், 70 கிராம் கறுப்புச் சொக்லேட்டைக் கத்தியால் சிறிதாக நறுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பசை பூசிய பிறகு மேலே தூவுங்கள். பால் சொக்லேட் வேண்டாம், அது இனிப்பு மேல் இனிப்பாகிவிடும், சீக்கிரம் கருகவும் செய்யும். விருப்பமானால் ஒரு கைப்பிடி கஜுவை வறுத்து உடைத்துப் போடலாம்.

குளிர்ந்த மாவை நீளம் 45, அகலம் 30 சென்ரிமீற்றர் வரும்படி விரியுங்கள். பசையை எல்லா இடமும் ஒரே தடிப்பில் பூசி, கடைசியாக முடியும் ஓரத்தில் மட்டும் இரண்டு சென்ரிமீற்றர் வெறுமையாக விட்டு, அங்கே தண்ணீர் தடவினால் சுருள் ஒட்டிக்கொள்ளும். இறுக்கிச் சுருட்டவேண்டும் என்று பலரும் சொல்வார்கள். நான் அப்படிச் செய்து பார்த்ததில் நடுப்பகுதி கோபுரம் மாதிரி மேலே தள்ளிக்கொண்டு வந்தது. தளர விட்டால் உங்களுக்கு வந்த இடைவெளி வரும். பாய் சுருட்டுவது போல, காற்றுப் புகாமல், ஆனால் இழுக்காமல் சுருட்டுங்கள். சுருட்டியதை 20 நிமிடம் குளிர வைத்து, கத்தியால் அழுத்தாமல், தையல் நூலைக் கீழே கொடுத்து மேலே குறுக்காக இழுத்து 12 துண்டாக வெட்டினால் வட்டம் நசுங்காது.

நடுப்பகுதி வேகாததற்குத் தட்டும் ஒரு காரணம். 23க்கு 33 சென்ரிமீற்றர் தட்டில் 12 துண்டும் ஒரு விரல் இடைவெளியோடு இருக்கவேண்டும். நெருக்கி வைத்தால் நடுவில் இருப்பவை வேகாது. மேசையில் வைக்கும் சிறிய ஓவன் என்றால் மேல் கம்பி மிக அருகில் இருப்பதால் மேற்பகுதி சீக்கிரம் சிவந்து ஏமாற்றிவிடும், அதனால் தட்டைக் கீழ்த்தளத்தில் வைத்து, 15 நிமிடத்துக்குப் பிறகு அலுமினியத் தாளால் மூடுங்கள். நான் 175 பாகையில் 28 நிமிடம் வரை விடுகிறேன். வெப்பமானி இருந்தால் நடுப்பணிஸின் நடுவில் குத்திப் பார்க்கவேண்டும். 90 பாகை வந்தால் வெந்துவிட்டது.

மேலே பூசுவதற்குக் கிறீம் சீஸ் வாங்கிப் பணத்தைச் செலவழிக்கவேண்டாம். நம்மிடம் எருமைத் தயிர் இருக்கிறது. ஒரு சட்டித் தயிரை மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி, குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு கிண்ணத்தின் மேல் இரவு முழுக்கத் தொங்கவிட்டால் தண்ணீர் எல்லாம் இறங்கி, கத்தியால் பூசும் பதத்துக்கு வந்துவிடும். எருமைப் பாலில் கொழுப்பு ஏழு எட்டு வீதம் இருப்பதால் அது பசுப்பால் தயிரைவிட வழவழப்பாக இருக்கும். அதில் 200 கிராமுக்கு ஐசிங் சீனி 60 கிராம், பட்டர் 30 கிராம் சேர்த்து அடியுங்கள். சொக்லேட்டின் திகட்டலை அந்த மெல்லிய புளிப்புச் சரிக்கட்டுகிறது. என்னிடம் வாங்குபவர்கள் இப்போது இதைத்தான் கேட்கிறார்கள்.


களுவாஞ்சிக்குடி ஆசிரியை எழுதியது:

வணக்கம். மனைப்பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். மேலே இருவரும் மாவையும் உள்ளீட்டையும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். கறுவா வாசம் தெரியவில்லை என்ற குறைக்கு மட்டும் நான் விளக்கம் தர விரும்புகிறேன். அந்தக் குறைதான் எனக்கு அதிகம் வருத்தம் தருகிறது, ஏனென்றால் உலகம் தேடி வாங்கும் கறுவா நம் நாட்டில் விளைவது.

வெளிநாட்டுச் செய்முறைகளில் ஒரு தேக்கரண்டி என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது கசியா என்னும் வேறு இனத்துப் பட்டையை. அதில் சினமல்டிஹைட் என்ற காரமான மணப்பொருளின் விகிதம் அதிகம், ஆகவே சிறிது போட்டாலும் சொக்லேட்டின் கசப்பைத் தாண்டி மூக்கில் ஏறும். நம் கறுவா மென்மையானது, இனிமையானது. அதற்குச் சொக்லேட்டோடு போட்டி போட முடியாது, அளவைக் கூட்டித்தான் கொடுக்கவேண்டும். அக்கரைப்பற்றுச் சகோதரி சொன்ன இரண்டு மேசைக்கரண்டி அதனால்தான் சரியாக வருகிறது.

அளவைக் கூட்டலாமா என்ற அச்சம் சிலருக்கு இருக்கும். கசியாவில் கூமரின் என்னும் பொருள் கூடுதலாக இருக்கிறது, அது மிகுந்தால் ஈரலைப் பாதிக்கக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2008ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியில், கறுவாவின் பெயரைச் சுட்டி விற்கப்படும் பாரம்பரிய வெதுப்புப் பண்டங்களில் கிலோகிராமுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூமரின் இருக்கக்கூடாது என்று வரையறுத்திருக்கிறது. இலங்கைக் கறுவாவில் கூமரின் மிகச் சொற்பம். எனவே நாம் தாராளமாகப் போடலாம், ஆனால் வாங்குவது உண்மையாகவே இலங்கைக் கறுவாவாக இருக்கவேண்டும்.

அதைத் தூளாக வாங்கினால் கண்டுபிடிக்க முடியாது, பட்டையாக வாங்குங்கள். நம் கறுவாவின் சுருள், கடதாசி போன்ற மெல்லிய பல படைகள் ஒன்றுக்குள் ஒன்று திணிக்கப்பட்டு, சுருட்டுப் போல இருக்கும், கையால் நொறுக்கலாம். கசியா ஒரே தடித்த பட்டையாக, மரம் போல வன்மையாக இருக்கும், அரைக்கும் இயந்திரத்தையே வருத்தும். மிக மெல்லிய சுருளை அல்பா என்ற தரமாகப் பிரிக்கிறார்கள். பணிஸுக்கு அந்த விலை கொடுக்கத் தேவையில்லை, சாதாரணத் தரம் போதும். 2022ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது, இலங்கையிலிருந்து அந்தக் குறியீட்டைப் பெற்ற முதற்பொருள் இதுதான். 1602ஆம் ஆண்டு ஒல்லாந்தரான ஸ்பில்பேர்கன் கறுவாவும் மிளகும் தேடி வந்து முதலில் கரையிறங்கியது நம் மட்டக்களப்பில்தான் என்றாலும், கறுவா விளைவது காலி, மாத்தறைப் பக்கத்தில். இன்றும் நம் சந்தைக்கு அங்கிருந்துதான் வருகிறது. எனவே கடையில் எவ்வளவு காலம் இருந்தது என்று கேட்டு, முகர்ந்து பார்த்து வாங்குவது நல்லது.

பட்டையை வெறும் தாச்சியில், மிகச் சிறிய நெருப்பில், ஒரு நிமிடம் மட்டும் சூடு காட்டி, ஆறவைத்து அரைத்து, மெல்லிய அரிதட்டில் அரித்தெடுங்கள். கறுவாவின் மணப்பொருள்கள் கொழுப்பில் கரைபவை, ஆகவே தூளை மாவின் மேல் தூவுவதைவிடப் பட்டர்ப் பசையில் முதல் நாளே கலந்து வைப்பது மிகுந்த பயன் தரும். வாசம் கூடட்டும் என்று மாவுக்குள் கறுவாவைப் போட்டுக் குழைத்துவிடாதீர்கள். ஈஸ்ட்டைப் பாடப்புத்தகத்தில் மதுவம் என்று படித்தோமே, அந்த நுண்ணங்கியின் வளர்ச்சியைச் சினமல்டிஹைட் தடுக்கும். மாவுக்கு வாசம் வேண்டுமானால் அரைத் தேக்கரண்டி ஏலக்காய்த் தூள் சேருங்கள். 1999 முதல் ஒக்டோபர் 4ஆம் நாளைக் கறுவாப் பணிஸ் நாளாகக் கொண்டாடும் சுவீடன் நாட்டவர்களும் மாவில் ஏலக்காய்தான் சேர்க்கிறார்கள்.

மறுநாள் கல்லாகிறது என்ற குறைக்கு மாக்கூழ் நல்ல மருந்து. 500 கிராம் மாவிலிருந்து 25 கிராமையும், 250 மில்லிலீற்றர் பாலிலிருந்து 125 மில்லிலீற்றரையும் எடுத்து, கூழ் காய்ச்சுவது போலக் கிளறி, கரண்டியின் தடம் தெரியும் பதத்தில், ஏறத்தாழ 65 பாகையில், இறக்கிவிடுங்கள். அந்தச் சூட்டில் மாப்பொருள் தன்னிலும் பல மடங்கு நீரை உள்வாங்கி வீங்குகிறது, அந்த நீர் வெந்த பின்னும் பணிஸுக்குள் தங்கியிருக்கும். கூழ் நன்றாகக் குளிர்ந்த பிறகே மாவோடு சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் ஏறாவூர் அன்பர் போட்ட கணக்கு பிழைத்துவிடும். வெந்த பணிஸைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் தவறு, ஏனெனில் உறையும் நிலைக்குச் சற்று மேலான அந்தக் குளிரில்தான் மாப்பொருள் மிக விரைவாக மீண்டும் இறுகுகிறது. மூடிய தகரப் பேணியில் ஒரு நாள் வைக்கலாம். அதற்கு மேல் என்றால் தயிர் பூசாமல் உறைபெட்டியில் வைத்து, தேவைப்படும்போது சூடாக்குங்கள்.


திருக்கோவில் வாசகன் எழுதியது:

எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. பெரிய அலுமினியப் பானையில் இரண்டு விரற்கடைக்கு ஆற்று மணல் போட்டு, 20 நிமிடம் சூடாக்கி, உள்ளே மூன்று சிறு கற்களின் மேல் தட்டை வைத்துச் செய்கிறேன். தட்டையான மூடியைக் கவிழ்த்து அதன் மேல் சிரட்டைத் தணல் போட்டால்தான் மேற்பகுதி சிவக்கிறது. ஆறு பணிஸ் மட்டுமே பிடிக்கும், 35 நிமிடம் வரை எடுக்கிறது. மாவிலேயே கொக்கோ சேர்த்துச் செய்யலாமா என்று கேட்க விரும்புகிறேன். சிவப்பு நிறம் வராத குறை அதில் மறைந்துவிடும் என்று நினைக்கிறேன்.


ஏறாவூர் போறணை எழுதியது:

தம்பி, சேர்க்கலாம். 500 கிராம் மாவுக்கு 20 கிராம் கொக்கோவுக்கு மேல் போகவேண்டாம். கொக்கோ ஈரம் குடிக்கும், ஆகவே பால் 20 மில்லிலீற்றர் கூடுதலாக வேண்டும். அதில் இழுவை தரும் புரதம் இல்லாததால் மா சற்றுக் குறைவாகவே எழும்பும். ஆனால் நிறத்தை மறைப்பதற்காக என்றால் நான் சம்மதிக்கமாட்டேன். கறுத்த மாவில் வெந்ததும் தெரியாது, கருகியதும் தெரியாது, மணல் பானையில் அது பெரிய ஆபத்து. உங்கள் வெள்ளை மாவுக்கு மேலே முட்டை மஞ்சட்கருவும் பாலும் கலந்து பூசுங்கள், சிரட்டைத் தணலுக்கு அதுவே நிறம் தரும்.


கல்லடி வாசி எழுதியது:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று மூன்றாம் தடவை செய்தேன். பாலைக் குளிரவைத்து, ஈஸ்ட் 4 கிராம் போட்டு, மாக்கூழும் சேர்த்துக் குழைத்தபோது மா 26 பாகையில் நின்றது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது என்று தெரிந்து, இதற்காகவே சமையல் வெப்பமானி ஒன்று வாங்கினேன். இரவு முழுக்கத் தட்டில் பரத்திக் குளிரவைத்த மா காலையில் தோல் போல இழுபட்டது. பசை ஒரு சொட்டும் ஒழுகவில்லை. நூலால் வெட்டிய வட்டங்களைப் பார்த்து மகள் கைதட்டினாள். கறுவாவை நானே அரைத்தேன், வேகும்போது அடுத்த வீட்டிலிருந்து வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். இன்று காலையிலும் மிருதுவாகவே இருக்கின்றன.

இரண்டு சிறு குறைகள் மிஞ்சியுள்ளன. இரண்டாம் பொங்கலின்போது கச்சான் காற்று சன்னல் வழியாக அடித்து, மாவின் மேல் காய்ந்த தோல் படிந்துவிட்டது, அந்த இடம் வெடித்தே வெந்தது. மற்றது, தயிர்ப் பூச்சு பணிஸின் மேல் தண்ணீராகிப் போனது.


ஏறாவூர் போறணை எழுதியது:

கச்சான் நேரத்தில் துணியைக் கவிழ்த்து மூடினால் போதாது, துணியே காய்ந்துவிடும். தட்டை ஓவனுக்குள், அதைப் பற்றவைக்காமல், ஒரு கோப்பைத் தண்ணீரோடு வைத்துக் கதவை மூடுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு தட்டை வெளியே எடுத்து ஈரத்துணியால் மூடி, அதன் பிறகு ஓவனைச் சூடாக்குங்கள்.


அக்கரைப்பற்று அடுக்களை எழுதியது:

பணிஸ் சூடாக இருக்கும்போது பூசியிருக்கிறீர்கள் சகோதரி. கையை வைத்தால் சூடு தெரியாத வரைக்கும் ஆறவிடவேண்டும், குறைந்தது ஒன்றரை மணி நேரம். சூட்டோடு பூசவேண்டும் என்றால் தயிருக்குப் பதிலாகச் சீனிப்பாகை மெல்லியதாகத் தடவுங்கள். தயிரைச் சாப்பிடும் நேரத்தில் பூசலாம், வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கவும் கூடாது.

பிறந்தநாள் சனிக்கிழமை என்றீர்கள். வெள்ளிக்கிழமை காலையில் தயிரைக் கட்டித் தொங்கவிட்டு, பசையையும் கலந்து வையுங்கள். இரவு எட்டு மணிக்கு மாவைக் குழைத்துப் பரத்தி உள்ளே வையுங்கள். மின்சாரம் போனால் அவசரப்படாமல் இருக்க, இரண்டு போத்தல் தண்ணீரை முதல் நாளே உறையவைத்து மாத்தட்டின் இரு பக்கமும் நிறுத்திக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு மாவை வெளியே எடுத்து விரிக்கத் தொடங்கினால், சுருட்டிக் குளிரவைத்து வெட்டி, இரண்டாம் பொங்கலும் முடிந்து ஒன்றரை மணியளவில் அடுப்பேறும், இரண்டு மணிக்கு இறக்கிவிடலாம். பிள்ளைகள் நான்கு மணிக்கு வருவார்கள் என்றால் பூசுவதற்கு ஆறிய பணிஸ் தயாராக இருக்கும். மகளுக்கு எங்கள் வீட்டிலிருந்தும் பிறந்தநாள் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.